பெங்களூராவைத் தட்டில் வையுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் கோடைக்கு ஏற்ற சாலட் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. ஸ்ட்ராபெர்ரி, ஃபெட்டா சீஸ், ஆலிவ் எண்ணெய், மேலே கொஞ்சம் பாதாம். மத்தியான வேளையில் அடுப்படியில் நிற்காமல் சாப்பாட்டை முடிக்கும் யோசனை எனக்கு ரொம்பவும் பிடித்தது. அக்னி நட்சத்திரத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் ஓட்டு வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதை எழுதியவருக்கு முதலில் என் நன்றி. ஆனால் படித்த நாளிலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்லியே தீரவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்த சாலட்டுக்கு வேண்டிய பழம் எங்கள் தோப்பிலேயே தொங்குகிறது. சீஸுக்கு வேண்டிய பால் காலையிலும் மாலையிலும் சொசைட்டிக்குப் போகிறது. அந்தப் பழம் பெங்களூரா.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நீளமாக, நுனி வளைந்து கிளி மூக்காட்டம் இருக்குமே, அந்த மாங்காய்தான். கிளிமூக்கு என்பவர்களும் உண்டு. வடக்கே தோத்தாபுரி என்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம் பசந்த், காலாப்பாடு, நீலம் என்று பல ரகம் விளைந்தாலும், தோப்புக்காரர்கள் அதிகம் நம்பியிருப்பது பெங்களூராவைத்தான். மரம் ஏமாற்றாமல் காய்க்கும். தோல் தடிப்பு, லாரியில் குலுங்கிப் போனாலும் தாங்கும். கூழ் ஆலைகள் கேட்பதும் இதையே. இங்கே அரைத்த கூழ் டப்பாவிலும் பெரிய பைகளிலும் அடைத்து வெளிநாடு வரைக்கும் போகிறது.

இதில் வருத்தம் என்னவென்றால், பெங்களூரா என்றாலே ஆலைப் பழம் என்று எங்கள் ஊர்க்காரர்களே ஒதுக்கிவிட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செந்தூராவையோ அல்போன்சாவையோ நறுக்கி வைப்பார்கள். தோப்பில் பெங்களூரா தரையில் உருண்டு கிடந்தாலும் குனிந்து எடுக்கமாட்டார்கள். ஆலைக்காரர் என்ன விலை சொல்கிறாரோ அதுதான் விலை. காய்ப்பு அதிகமான வருஷங்களில் கிலோவுக்குக் கிடைக்கிற காசு அறுப்புக் கூலிக்கும் டெம்போ வாடகைக்குமே சரியாகப் போய்விடும். அப்படி ஒரு வருஷம் எங்கள் லோடு ஓர் ஆலையின் வாசலில் ராத்திரி முழுக்க நின்றது. விடிந்த பிறகு, இன்றைக்கு இவ்வளவுதான் எடுப்போம் என்று பாதியைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்த காயை மாட்டுக்குப் போடக்கூட அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அதேதான் குவிந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட காட்சி இந்தப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் புதிதல்ல.

ஆனால் இதே பெங்களூராவைப் பச்சைக் காயாக எல்லாருமே விரும்பித் தின்கிறோம். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலும் பள்ளிக்கூட வாசல்களிலும் பூப்போல விரித்து நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுக்கிறார்களே, அது பெரும்பாலும் இந்தக் காய்தான். புளிப்பு அளவாக இருக்கும், பல்லில் மொறுமொறுவென்று கடிபடும். காய் ருசிக்கிறது, பழுத்தால் ஆலைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பருவம் இருக்கிறது. அந்தப் பருவத்தை நாம் யாரும் கண்டுகொள்வதில்லை. சாலட்டுக்கு அதுதான் உயிர்.

இதை எனக்குக் காட்டியவள் என் மருமகள். ஓசூரில் வேலை பார்க்கிறாள், வார விடுமுறைக்கு இங்கே வருவாள். பன்னீரும் மாம்பழமும் சேர்த்து ஒரு சாலட் செய்யப்போவதாகச் சொல்லி, கூடையிலிருந்த செந்தூராவை நறுக்க ஆரம்பித்தாள். நன்றாகப் பழுத்த செந்தூரா கத்தி படுவதற்குள் சாறாக வழிந்தது. பன்னீரோடு கலந்ததும் எல்லாம் சேர்ந்து குழைந்து மஞ்சளாகிவிட்டது. குழந்தைகள் ஸ்பூன் போட்டு வழித்துத் தின்றார்கள், ருசிக்குக் குறைவில்லை. ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. “அத்தை, துண்டு துண்டா நிக்கணும், வாயில போட்டா பழம் வேற, பன்னீர் வேறன்னு தெரியணும்” என்றாள். அப்படியானால் பெங்களூராவைப் போட்டுப் பார் என்று சொல்லி, அரைப்பழமாக இருந்ததை வைக்கோலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தோலைச் சீவிவிட்டு நறுக்கினாள். ஒவ்வொரு துண்டும் விளிம்பு மழுங்காமல் கன கச்சிதமாக விழுந்தது. உள்ளே சதை மஞ்சள், கொட்டையை ஒட்டிய இடத்தில் மட்டும் லேசான வெளுப்பு. நாரே இல்லை. இனிப்பு பாதி, புளிப்பு பாதி. வேறு புளிப்புச் சேர்க்க அதிகம் வேலை இருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாலட் என்றால் பெங்களூராதான்.

மற்ற ரகங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பங்கனப்பள்ளித் துண்டும் உடையாமல் நிற்கும், ஆனால் இனிப்பு ஒன்றே மேலோங்கி நிற்பதால் பன்னீரின் ருசி அடங்கிப்போகிறது. அல்போன்சாவும் இமாம் பசந்தும் அப்படியே சாப்பிட வேண்டிய பழங்கள், அவற்றை உப்பும் மிளகும் போட்டுப் பிசைவது பாவம். நீலம் கடைசியில் வரும் பழம், அதற்குள் மழை தொடங்கி சாலட் ஆசையே போய்விடும்.

சரி, பால் பக்கம் வருகிறேன். சீஸ் என்றதும் நம் வீட்டுப் பெண்கள் பலர் அது நம்முடையது இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். கிரேக்க நாட்டில் ஃபெட்டாவை ஆட்டுப்பாலில், அதிலும் முக்கியமாகச் செம்மறியாட்டுப் பாலில் செய்து உப்புத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். அந்தப் பெயரை மற்ற நாட்டுச் சீஸுக்கு வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் சட்டமே போட்டது. அங்கே வெயில் காலத்தில் தர்பூசணியோடு ஃபெட்டாவை உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். இத்தாலிக்காரர்கள் தக்காளியோடு மொஸரெல்லாவும் துளசி இனத்து இலையும் சேர்க்கிறார்கள். இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றே. அந்தந்த ஊரில், அந்தந்தப் பருவத்தில் எது மலிவாகக் குவிகிறதோ அதைத் தட்டில் வைத்தார்கள். அதே கணக்குப்படி பார்த்தால் மே மாதத்துக் கிருஷ்ணகிரியில் ஸ்ட்ராபெர்ரிக்கு வேலை இல்லை. நம் நாட்டில் அது குளிர்காலத்துப் பழம். வெயில் ஏறிய பிறகு கடையில் கிடைப்பது விலையும் அதிகம், ருசியும் குறைவு.

நமக்குப் பொருத்தமான மென்மையான சீஸ் வீட்டுப் பன்னீர். கடையில் வாங்கும் கட்டிப் பன்னீரைச் சொல்லவில்லை. அது பாரம் வைத்து அழுத்தி இறுகச் செய்தது, குழம்புக்கு நல்லது. பன்னீர் என்று சொல்லிக்கொண்டு தாவர எண்ணெய் கலந்து செய்ததும் சந்தையில் வருகிறது என்பதால் உறை மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டியிருக்கிறது. சாலட்டுக்கு வேண்டியது அழுத்தாமல், அன்றைக்குக் காலையில் திரித்தெடுத்த பன்னீர். மாடு கன்று போட்ட வீட்டில் சீம்பாலை வெல்லம் போட்டு அவித்துத் தின்று வளர்ந்த நமக்கு இந்தப் பதம் அந்நியமே இல்லை.

ஒரு லிட்டர் பசும்பால் போதும், நான்கு பேருக்கு வரும். எருமைப்பாலில் பன்னீர் அதிகம் கிடைக்கும், ஆனால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். மென்மைக்குப் பசும்பாலே நல்லது. ஆடை எடுக்காத புதுப்பாலாக இருக்கட்டும். வெயிலில் புளித்து சொசைட்டியில் திருப்பிவிட்ட பாலில் செய்யலாமே என்று சிலர் கேட்பதுண்டு, அது வேண்டாம். பாலைக் காலை வெயில் ஏறுமுன் காய்ச்சிவிடுங்கள். நன்றாகப் பொங்கியதும் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிஷம் சும்மா விடுங்கள். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாற்றை அதே அளவு தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டியால் மெதுவாகக் கிளறுங்கள். முதலில் சின்னச் சின்னப் பொருக்குகளாகத் தெரியும், அப்புறம் பெரிதாகத் திரண்டு, தண்ணீர் இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். தெளிந்ததும் நிறுத்திவிடவேண்டும். மேலும் சாறு ஊற்றினாலும், மறுபடி கொதிக்கவிட்டாலும் இறுகிப்போகும்.

துவைத்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மேலே குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அலசுங்கள். எலுமிச்சைப் புளிப்பு போகும், சூடும் தணியும். துணியை முடிந்து குழாயிலோ ஆணியிலோ அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். பிழியவும் வேண்டாம், மேலே அம்மிக்கல் வைக்கவும் வேண்டாம். அவிழ்த்துப் பார்த்தால் வெள்ளையாக, ஈரம் உள்ளே இருக்க, விரலால் விண்டால் உதிரும் பதத்தில் இருக்கும். கொஞ்சம் உப்புத் தூவி மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வடிந்த தண்ணீரை யாரும் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ் கரைப்பதற்கு அதை ஊற்றுகிறேன், அந்த லேசான புளிப்பு கூழுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இனிப் பழம். பெங்களூராவின் தோள்பட்டைப் பக்கம் மஞ்சள் ஏறி, மூக்கு நுனி இன்னும் பச்சையாக இருக்கவேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுக்கவேண்டும், குழி விழக் கூடாது. காம்பை முகர்ந்தால் வாசனை தொடங்கியிருக்கும். பழம் முழுக்க மஞ்சளாகி மெதுவாகிவிட்டதென்றால் ஜூஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாங்காய்ப் பால் பட்டால் சிலருக்கு உதடு ஓரம் புண்ணாகும். அதனால் காம்பை நறுக்கிப் பால் வடியவிட்டு, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுக் கழுவிய பிறகே தோல் சீவவேண்டும்.

நான்கு பேருக்கு நடுத்தரமான பழம் இரண்டு எடுத்து விரல் அகலத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு பிஞ்சு வெள்ளரிக்காயைத் தோலோடு வட்டமாகச் சீவிச் சேருங்கள். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். பாதாமுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை, மானாவாரிக் கடலை நம் ஊரிலேயே விளைகிறது. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் ஒரு ஸ்பூன். அதில் அரை மூடி எலுமிச்சைச் சாறு, பொடித்த மிளகு, விருப்பமானால் பொடியாக நறுக்கிய ஒரு பச்சை மிளகாய். புதினாவைக் கத்தியால் நறுக்காமல் கையால் கிள்ளிப் போடுங்கள், கறுக்காது. எங்கள் கொல்லையில் திருநீற்றுப்பச்சை இருக்கிறது. சப்ஜா விதை கொடுக்கும் செடி அதுதான், இத்தாலிக்காரர்கள் தக்காளியோடு சேர்க்கும் இலையும் இதன் இனமே. நான் நாலு இலை அதிலிருந்து பறித்துப் போடுவேன். வாசனை தூக்கும்.

எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, கடைசியில் பன்னீரை உதிர்த்து மேலே போடுங்கள். அதன் பிறகு கிளறவே கூடாது. உப்பும் பரிமாறும்போதுதான். முன்பே போட்டால் பழமும் வெள்ளரியும் தண்ணீர் விட்டுத் தட்டில் குளம் கட்டிவிடும். இந்த வெயிலில் வெளியே வைத்திருக்கும் சாலட்டை மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிடக் கூடாது, பால் பண்டம். கலந்த கையோடு பரிமாறி முடித்துவிட வேண்டும்.

தர்பூசணியிலும் இதே முறைதான், உப்பு மட்டும் கொஞ்சம் கூட. நாவல் பழம் ஜூனில் கிடைக்கும்போது கொட்டை நீக்கிச் சேர்த்தால் துவர்ப்பும் சேர்ந்து அருமையாக இருக்கும், ஆனால் பன்னீர் ஊதாவாகிவிடும். அன்னாசியும் பப்பாளியும் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவற்றில் பால் புரதத்தை அரிக்கும் பொருள் இருக்கிறது. பன்னீரோடு ஊறவைத்தால் சிறிது நேரத்தில் கசக்க ஆரம்பிக்கும். சாப்பிடும் நிமிஷத்தில் சேர்ப்பதென்றால் சரி. மாம்பழத்தில் அந்தத் தொல்லை இல்லை. மாம்பழத்து மஞ்சள் நிறத்தில் இருக்கும் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும் என்பார்கள், அது பன்னீரிலும் கடலை எண்ணெயிலும் இருக்கிறது.

கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது தடை செய்யப்பட்டது. ஆனாலும் சீசன் ஆரம்பத்தில் அவசரத்துக்கு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே ஒரே சீராக மஞ்சள், உள்ளே சதை வெளுத்துப் புளிக்கும், காம்பில் வாசனையே இருக்காது. அரைப்பழம் வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்து நாமே பழுக்கவைத்துக்கொண்டால் இந்தப் பயம் இல்லை. சாலட்டுக்கு வேண்டியதும் அரைப்பழம்தான் என்பதால் கல் வைப்பதற்கே அங்கே தேவை இல்லாமல் போகிறது.

ஒரு தட்டு சாலட்டால் லோடு லோடாக விழும் காய்க்கு விலை வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. விலைக்கு அரசாங்கமும் ஆலைகளும் பதில் சொல்லவேண்டும், அதை விவசாயிகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் விற்பதற்கு ஆலை என்ற ஒரே வாசல் மட்டும் இருக்கும் வரைக்கும் எங்கள் குரலுக்கு வலு இல்லை. பெங்களூரு கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் சுமார். சென்னைக்கும் நேர் சாலை. அந்த ஊர் வீடுகளில் வாரத்துக்கு இரண்டு பெங்களூரா சாப்பாட்டுக்கென்றே வாங்கினால், தரம் பிரித்த பழத்துக்கு மண்டியில் தனி விலை பேச முடியும். பழம் உண்பதற்கும் உரியது என்று ஜனங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அதனால் மூன்று பேரிடம் கேட்க விரும்புகிறேன். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. 2004-ல் தருமபுரியிலிருந்து மாவட்டம் பிரிவதற்கு முன்பே தொடங்கியது. ரகம் ரகமாகப் பழங்களை அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் ஜனங்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: அங்கே மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு இரண்டு மேசை ஒதுக்கி, பெங்களூராவும் அன்றைய பன்னீரும் சேர்த்துச் சின்னத் தொன்னையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டி ஒன்றும் நல்ல தண்ணீரும் இருந்தால் போதும். குழுவில் இருக்கிற பெண்களில் பலர் கறவை மாடு வைத்திருக்கிறார்கள், பாலும் அவர்களுடையதே.

உழவர் சந்தை அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். 1999-ல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளால் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் ஓசூரிலும் எத்தனையோ விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் விற்கிறார்கள். காய், அரைப்பழம், பழம் என்று மூன்றாகப் பிரித்து எழுதிவைத்தால் வாங்குகிறவர்களுக்கு எது எதற்கு என்று புரியும். இப்போது எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அரைப்பழம் எடுத்தவர் பழுக்கவில்லை என்று சலித்துக்கொண்டு திருப்பி வைக்கிறார்.

மூன்றாவது உங்களிடம். சமையல் குறிப்பு போடும்போது அந்த வாரம் எந்த மாவட்டத்தில் என்ன விளைகிறது என்று பார்த்துப் போடுங்கள். ராயக்கோட்டைத் தக்காளி சீந்துவாரில்லாமல் கிடக்கும் வாரத்தில் தக்காளியும் பன்னீரும் சேர்த்து ஒரு குறிப்பு வரட்டும். உங்கள் பத்திரிகை காலையில் எத்தனையோ வீட்டுக்குப் போகிறது, அதைப் பார்த்துச் சாயங்காலம் பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர்.

பெங்களூரா அறுப்பு ஜூனில்தான் சூடுபிடிக்கும், ஆகவே கடிதத்தை மே மாதக் கடைசிக்குள் வெளியிட்டால் உதவியாக இருக்கும். நீளம் அதிகம் என்றால் ஆலை வாசல் கதையை எடுத்துவிடுங்கள், செய்முறையில் கை வைக்காதீர்கள். குறிப்பாக, அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சைச் சாறு ஊற்றவேண்டும் என்ற வரி விட்டுப்போகக் கூடாது. கொதிக்கும் பாலில் ஊற்றி ரப்பராகிவிட்டால், அடுத்த முறை யாரும் வீட்டில் பன்னீர் செய்யத் துணியமாட்டார்கள்.

இப்படிக்கு,
மாந்தோப்பும் இரண்டு கறவை மாடும் உள்ள ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.